விதை மேல் பழி வேண்டாம்!

தை பிறந்தால் காவிரிக் கடைமடையில் உளுந்து, பயறு விதைப்பு நடக்கிறது. சம்பா நெல் வயலில் நிற்கும்போதே, அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பாக, ஈர மண்ணில் விதையைத் தெளிக்கிறார்கள். உழவுச் செலவு இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே பயிர் விளைந்துவிடும். ஏழை விவசாயிக்கு இது பெரிய உதவி.

ஆனால், கடலோரத்தில் சில வயல்களில் விதை சரியாக முளைப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளை தெரிகிறது. "விதை சொத்தை! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்!" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. கடன் வாங்கி மறுபடியும் விதைக்கிறார்கள். அதுவும் பாழ்.

காரணம் என்ன? பல வயல்களில் மண்ணில் உள்ள உப்புதான் காரணம்.

உப்பு செய்யும் வேலை

ஊறுகாய் போடும் தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டால், மாங்காயில் உள்ள தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. உப்புக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. விதை முளைக்க வேண்டுமானால், முதலில் தண்ணீரைக் குடித்து ஊற வேண்டும். மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் விதையால் அதைக் குடிக்க முடியாது. தப்பி முளைத்தாலும், இளம் வேர் கருகிவிடும்.

வெயில் ஏற ஏற ஈரம் ஆவியாகி, உப்பு மேல் மண்ணில் வந்து தங்குகிறது. தெளித்த விதையும் அங்கேதானே கிடக்கிறது?

வழி உண்டு

முதலில் 100 விதைகளை எண்ணி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் 75 விதையாவது முளைத்தால், அது நல்ல விதை. பிறகு மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கோடையிலேயே வயல் மண்ணை எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். உவர் நிலமா, களர் நிலமா என்று அங்கே சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. களர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டும். உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரைத் தேக்கி வடிப்பதே மருந்து. ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு கட்டி நிறுத்தி, வடிகாலில் விட்டால், உப்பும் கரைந்து போய்விடும்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் பகுதியில் கடல்நீர் வயல்களில் புகுந்தது. இனி அந்த மண்ணில் எதுவும் விளையாது என்று பலர் அஞ்சினார்கள். விவசாயிகள் மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவினார்கள். உவரைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, மடக்கி உழுதார்கள். நிலம் மீண்டது.

ஆனால் வடிகால் தூர்ந்து கிடந்தால், ஒரு விவசாயி தனியாக என்ன செய்வார்? ஊர் கூட வேண்டும். அரசு அதிகாரிகளும் மழைக்கு முன்பே வடிகால்களைத் தூர் வாரித் தர வேண்டும்.

கடன் வாங்கி விதை வாங்கும் முன், மண்ணைப் பார்க்க வேண்டும். மண் சீரானால் விதை பொய்க்காது!