துறைமுகத்தில் விடுபட்ட மரியாதை



இராணுவத்தில் ஒரு பழக்கம் உண்டு. தளபதி பொறுப்பை ஒப்படைத்துப் புறப்படும் நாளில் அவருடைய ஜீப்பை ஓட்டுநர் ஓட்டுவதில்லை. அவருக்குக் கீழ் பணியாற்றிய அதிகாரிகளே வடம் கட்டி வாயில்வரை இழுத்துச் செல்கின்றனர். தேர்ப்பவனியில் வடம் பிடித்த நமக்கு இது அந்நியமான காட்சி அல்ல. நேற்றுவரை கட்டளையிட்டவரிடம் இனி எதிர்பார்க்க எதுவும் இல்லை. ஆகவே அந்த மரியாதையில் பொய் குறைவு.

அதிகாரிகள் தரும் மரியாதை இப்படி. ஊர் தருவது அவ்வளவு எளிதல்ல. சென்னை இதை 1990-இல் கண்டது. லெப்டினன்ட் ஜெனரல் ஏ.எஸ். கல்கட் தளபதியாக இருந்த இந்திய அமைதிப் படையின் கடைசி அணி, மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. ஈழத்தமிழர் அப்படையால் பட்ட துன்பமே காரணம்.

அந்தத் துன்பம் கற்பனை அல்ல. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உள்ளிருந்து சுடப்பட்டதாகப் படைத்தரப்பு சொன்னது. சீருடையில் இருந்த தாதியர் இறந்ததற்கு அது விளக்கமாகாது என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் படையும் சுமார் 1,200 பேரை இழந்தது. நம் சென்னை பயிற்சிக் கழகத்தில் உருவான மேஜர் பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் போரிட்டு மடிந்தவர். அவர்களை அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். சிப்பாயை யாரும் கேட்கவில்லை. கையொப்பமிட்டவர்கள் மீதான கோபத்தைக் கப்பலிலிருந்து இறங்கியவன் மீது இறக்கி வைத்தது நியாயமா?

படை புறப்பட்ட மறுநாள் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. பிறவியிலேயே பார்வையற்றவர் பார்வை பெறும் யோவான் 9-ஆம் அதிகாரமே அவ்வாண்டின் நற்செய்தி. யாருடைய பாவம் இது என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு அந்தக் கேள்வியை ஏற்பதில்லை. அருகில் நிற்பவரின் கண்களைத்தான் தொடுகிறார்.

வீரர்களுக்குக் கொழும்பு அருகே நினைவுச்சின்னம் எழுந்துள்ளது. யாழ் மருத்துவமனையில் ஊழியர்கள் ஆண்டுதோறும் தம் தோழர்களை நினைவுகூர்கின்றனர். இரண்டு நினைவும் தனித்தனியாகவே நடக்கின்றன. நவம்பர் 2-இல் சாந்தோம் அருகே குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் நாம் மெழுகுதிரி ஏற்றும்போது, ஒரே திரியை அந்த இரு சாராருக்குமாக ஏற்றலாம்.