சூரைச்செடியின் நிழலில்



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இப்பத்தியில் எடுத்துக்கொள்ள விழைகிறோம். எழுதியவர் தம் பெயரைக் குறிக்கவில்லை. நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர் என்பதும், நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து ஆண்டுகள் பல ஆயின என்பதும் எழுத்திலிருந்து தெரிகின்றன. அவருடைய தாயார் ஊரில் காலமானார். செய்தி கிடைத்த அன்றே வண்டி ஏறியும், இரண்டு இரவுப் பயணத்தின் பின் அவர் வீடு சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, கல்லறைமேல் இட்ட மாலையும் வாடிப்போயிருந்தது. அன்று முதல் அவருக்கு ஜெபம் வரவில்லை. ஆயினும் இரவுதோறும் பிள்ளைகளை உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் நடத்துகிறார். வாய் சொல்கிறது, உள்ளம் கல்லாய்க் கிடக்கிறது. இது மாய்மாலம் அன்றோ, நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

இக்கேள்விக்குச் சிலர் உடனே விடை வைத்திருப்பர். "விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் ஊக்கமாய் ஜெபியும்" என்பர். ஜெபம் வரவில்லை என்பவரிடம் ஜெபியும் என்பது, பசி எடுக்கவில்லை என்பவரை நன்றாய்ப் பசித்திரும் என்பதற்கு ஒப்பாகும். இவ்வகை ஆலோசனையை நாமும் ஒரு காலத்தில் பிறருக்குத் தாராளமாய் வழங்கியதுண்டு. அதற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

வெட்கம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். முதன்முதலாக மாற்றல் உத்தரவு வந்து, தமிழ் ஆராதனை அருகில் எங்கும் இல்லாத ஒரு சந்திப்பு நிலையத்துக்கு நாம் சென்றோம். வேலை பெரும்பாலும் இரவு முறை. ஞாயிறு காலை வீடு திரும்பினால் தலை சாய்க்கத்தான் தோன்றும். அங்கிருந்த கோயிலில் இந்தியில் ஆராதனை நடந்தது. அப்போது நமக்கு அம்மொழி பார்சல் ரசீது எழுதும் அளவுக்குத்தான் தெரியும். பாவ அறிக்கை செய்யும் அளவுக்குத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த வேதாகமம் எட்டுத் திங்கள் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. அதைத் திறக்காமல் இருந்ததைவிட, திறக்கவில்லையே என்ற வருத்தமும் அற்றுப்போனதே நம்மை அஞ்சவைத்தது.

அந்நாளில் ஒரு மூத்த போதகர் ரயிலுக்குக் காத்திருந்த வேளையில் நம்மிடம் பேச்சுக் கொடுத்தார். நம் கதையைக் கேட்டுவிட்டு அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "தம்பி, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டார். நாம் திகைத்தோம். பின்னர் அவர் சொன்னதன்பேரில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் படித்தபோதுதான் அக்கேள்வியின் பொருள் விளங்கிற்று.

எலியா தீர்க்கதரிசியின் கதை நேயர்கள் அறிந்ததே. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனி ஒருவராய் நின்று வென்றவர். வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். நெடும் பஞ்சத்துக்குப்பின் மழையைக் கேட்டுப் பெற்றவர். அத்தகையவர், யேசபேல் அரசி அனுப்பிய ஒரு மிரட்டலைக் கேட்டு, நாட்டின் தென்கோடியாகிய பெயர்செபாவரைக்கும் ஓடினார். கூடவந்த வேலைக்காரனையும் அவ்வூரிலேயே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தமக்குச் சாவு வேண்டும் என்று கேட்டார். வேலைக்காரனை விட்டுச் சென்றது சிறு செய்திபோலத் தோன்றும். நமக்கோ அதுவே இக்கதையின் மிகத் துயரமான இடமாகப் படுகிறது. சோர்வுற்றவன் முதலில் செய்வது, உடனிருப்பவனை விலக்குவதே.

இனி, கர்த்தர் செய்தது யாது? கண்டிக்கவில்லை. கர்மேலை நினைப்பூட்டவில்லை. எலியாவைத் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. உண்டு மறுபடியும் படுத்தார். இரண்டாம் முறையும் உணவே வந்தது. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை சேர்ந்த பிறகே பேச்சு தொடங்கிற்று. அங்கும் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் அக்கினியிலும் அல்லாமல், மெல்லிய சத்தத்திலேயே அவர் கர்த்தரை அறிந்தார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக முறையிட்ட அவருக்கு, இஸ்ரவேலில் இன்னும் 7000 பேர் உண்டு என்ற செய்தியும், எலிசா என்ற துணையும் கிடைத்தன. அடை, உறக்கம், துணை ஆகிய இவையும் தேவ கிருபையின் கணக்கில் சேர்ந்தவையே. ஆகையால், துக்கத்தில் உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம் செல்வதை விசுவாசக் குறைவு என்று எவரும் எண்ணவேண்டா.

இப்போது சகோதரரின் கேள்விக்கு வருவோம். உள்ளம் வறண்டிருக்கையில் வாய் ஜெபிப்பது மாய்மாலமா?

அவர் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு என்றே நினைக்கிறோம். துக்கம் தொண்டையை அடைத்திருக்க, நாள்தோறும் களிப்பின் சொற்களையே சொல்லிக்கொண்டிருந்தால் அச்சொற்கள் பொய்த்துத்தான் போகும். அதற்கு மருந்து, ஜெபத்தை நிறுத்துவது அன்று, சொற்களை மாற்றுவது. சங்கீத புத்தகத்தின் 150 பாட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமே. ஞாயிறு ஆராதனையில் நாம் அவற்றை மெல்லத் தாண்டிவிடுவதால், வேதத்தில் அழுகைக்கு இடம் இல்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகின்றனர்.

அவருக்கென்றே எழுதியதுபோல் ஒன்று உண்டு: 42-ஆம் சங்கீதம். கோராகின் புத்திரர் பெயரால் வழங்குவது. இவர்கள் ஆலயத்தில் பாடுவோரும் வாயில் காப்போருமாய் இருந்த குலத்தார். அப்படிப்பட்ட ஒருவன் எருசலேமை விட்டு நெடுந்தொலைவில், வடக்கே, எர்மோன் மலைப்பக்கம் இருந்து பாடுகிறான். பண்டிகை நாளில் பெருங்கூட்டத்தோடு தேவாலயத்துக்குச் சென்றதை நினைக்கிறான். நினைக்க நினைக்க உள்ளம் கரைகிறது. சுற்றியுள்ளோர் உன் தேவன் எங்கே என்று கேட்கின்றனர். அசன விழாவில் இலைபோட்டு உட்கார்ந்ததையும், கிறிஸ்துமஸ் இரவில் ஊர்க்கோயில் மணி கேட்டதையும் அந்நிய ஊரின் குடியிருப்பில் இருந்து நினைப்பவர்க்கு இப்பாட்டுக்கு உரை வேண்டியதில்லை.

அவன் தன் ஆத்துமாவையே பார்த்து, ஏன் இப்படிச் சோர்ந்துபோனாய் என்று கேட்டு, தேவனுக்குக் காத்திரு என்கிறான். அடுத்த சங்கீதத்தையும் சேர்த்து ஒரே பாட்டு என்று அறிஞர் பலர் கொள்வர். அவ்வாறு கொண்டால் அக்கேள்வி மூன்று முறை வருகிறது. மூன்றாம் முறையும் கேள்வி அதுவே. அவன் ஊர் திரும்பினான் என்ற செய்தி பாட்டில் இல்லை. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துவைத்த முன்னோர் விசுவாசத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள்.

பிறர் சொற்களைக் கடன்வாங்கிச் சொல்வது மாய்மாலம் என்று இன்னும் தோன்றுமானால், ஒன்று நினைக்க: சிலுவையில் தொங்கிய வேளையில் நம் ஆண்டவரே 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கச் சொற்களை எடுத்து முறையிட்டார்.

நிலையத்தில் வேலைசெய்பவனுக்கு ரயில் உவமை வராமல் இராது, நேயர்கள் பொறுத்தருள்க. வண்டி வெளிச் சிக்னலில் நின்றுவிட்டால், எஞ்சின் கெட்டுவிட்டது என்று பெட்டியில் ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. கெட்டிருந்த வண்டிகளும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அது நிற்கவே செய்கிறது, கெடவில்லை.

ஐயா, குடும்ப ஜெபத்தை நிறுத்தவேண்டா, சுருக்குங்கள். ஒரு சங்கீதம் போதும். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிடின் நீங்களே உரக்க வாசியுங்கள். நம் வீட்டில் அந்த எட்டுத் திங்களுக்குப்பின் டிரங்குப் பெட்டியைத் திறந்தவர் நம் துணைவியாரே. நாம் இரவு வேலைக்குக் கிளம்புமுன் ஒரு சங்கீதம் வாசிப்பார். நாம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்போம். பல நாள் ஆமென் சொன்னதும் அவரே. மற்றொன்று: பாட்டி இறந்ததால் அப்பாவுக்கு ஜெபிக்க வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அவர்களும் பாட்டியை இழந்தவர்கள்தாமே. அழுவதற்கு அவர்களும் இடம் தேடிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் முகவரி இல்லை. உறையின்மேல் தபால் முத்திரையும் பாதி அழிந்திருக்கிறது. இன்னொரு வரி எழுதினால், ஓய்வுநாளில் ஒரு மாலை துணைவியாருடன் வந்து சேருவோம். இருவருக்கும் பாட வராது. வேதாகமத்தை மட்டும் கொண்டுவருவோம்.