சலவை நீரும் வயல் நீரும்

பருத்தியை விளைவிப்போரும் அதனை ஆடையாக நெய்வோரும் நமது சங்கங்களின் அங்கத்தினர்கள். இவ்விருவரின் உழைப்பையும் காப்பதோ கெடுப்பதோ ஒவ்வொரு வீட்டின் துவைகல்லிலும் நடைபெறுகின்றது. இதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நொய்யலாற்றின் கதையை யாவரும் அறிவோம். பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டுச் சலவையால் விளையும் கேட்டை அதனோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் பட்டறைக்குச் சட்டம் காவலாக உள்ளது. வீட்டுச் சாக்கடைக்கு நம் மனமே காவல்.

சலவைத் தூளில் சோடா உப்பு மிகுதி. அதிலுள்ள சோடியம் களிமண் நிலத்தில் சேருமாயின், மண் இறுகி நீர் உட்புகாது. பாஸ்பேட் கலந்த தூளாயின், அது குளத்தை அடைந்து பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றது. நுரை மிகுந்தால் அழுக்கு நன்கு நீங்கும் என்னும் எண்ணமும் பிழையானது. துணியை முன்னதாக ஊறவைத்தால் குறைந்த தூளே போதும். மிகுதியாக இடும் தூளை அலசி நீக்க மேலும் பல குடம் நீர் செலவாகும்.

கைத்தறி ஆடைக்கும் பட்டுக்கும் பூந்திக்கொட்டை உகந்தது. கொட்டையை நீக்கித் தோலை ஊறவைத்துக் கசக்கினால் வரும் நுரை, சாயத்தையும் இழையையும் வருத்தாது. ஆனால் அந்நீர் மீன்களுக்கு நஞ்சாகும். குளத்திலோ ஓடையிலோ கொட்டலாகாது. சாயத்துணியை முதன்முறை தனியே குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துக. வெள்ளைத் துணிக்கு வெயிலே வெளுப்பானும் கிருமிநாசினியும் ஆகும். கடைசியாக அலசிய தெளிந்த நீரை அடுத்த துணிகளை ஊறவைக்கவும் தென்னைக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தலாம். முதல் நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது.

இவற்றிற்கு நேரமும் உழைப்பும் வேண்டுமே எனச் சிலர் கூறுவர். அது மெய்யே. ஆதலால் இச்சுமையைக் குடும்பத் தலைவியர்மீது மட்டும் ஏற்றுதல் முறையன்று. ஆடவரும் துவைகல்லருகே நிற்கட்டும். சங்கமும் தன் பங்கைச் செய்யட்டும். மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வனப்பொருள்களைச் சேகரித்து விற்கின்றன. அவர்களிடமிருந்து பூந்திக்கொட்டையை நேரே கொள்முதல் செய்து, நமது பண்டகசாலைகளில் சில்லறையாக நிறுத்து விற்றால், இடைத்தரகர் இலாபம் ஒழியும். மலைவாழ் மக்களுக்கு நியாய விலை கிட்டும். நெசவாளியின் துணி நெடுநாள் உழைக்கும். உழவனின் கிணறும் கெடாது.

இலாபத்தைப் பகிர்ந்துகொள்வது மட்டுமே கூட்டுறவு ஆகாது. ஒருவர் வீட்டுக் கழிவு மற்றவர் வயலைச் சேராமற் காப்பதும் கூட்டுறவே. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆராயுமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.