சொட்டும் எண்ணெய்: பழுது பார்ப்பதா, பொறுத்துக்கொள்வதா?



பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்த நம்மில் பலர், பல ஆண்டுகள் மின்சார ரயிலிலும் பேருந்திலும் நெருக்கியடித்துப் பயணம் செய்த பின்னரே சொந்தமாக ஒரு கார் வாங்குகிறோம். அதுவும் பெரும்பாலும் வேறொருவர் ஓட்டிய பழைய காராகவே இருக்கும். ஆகவே ஒரு நாள் காலையில் அந்தக் காரின் அடியில் கறுப்பாகச் சொட்டியிருப்பதைக் காணும்போது மனம் கலங்குவது இயல்பே. இம்மாதம் அதைக் குறித்தே சிந்திப்போம்.

மும்பையின் கிழக்குப் புறநகரில் வசிக்கும் சகோதரர் ஒருவர் கடந்த ஜனவரியில் எழுதியிருந்தார். அவருடைய பெட்ரோல் கார் 2008-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. 2023-இல் மறுபதிவு செய்து, 2028 வரை ஓட்ட அனுமதி பெற்றிருக்கிறார். வயதான தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், ஞாயிறு தோறும் குடும்பமாக ஆராதனைக்குச் செல்வதும் அந்தக் காரில்தான். மே மாத விடுமுறையில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சொந்த ஊருக்கும் அதிலேயே செல்லத் திட்டமிட்டிருந்தார். அந்நிலையில் இஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது.

ஒரு மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கிப் பின்புற ஆயில் சீலை மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்றார். மற்றொருவர், பழைய வண்டி அப்படித்தான் ஒழுகும், எண்ணெயை ஊற்றிக்கொண்டே ஓட்டுங்கள் என்றார். மனைவியாரோ, விற்றுவிட்டால் நிம்மதி என்றார். ஜூன் மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டும். "யார் சொல்வதைக் கேட்பது?" என்பதே அவருடைய கேள்வி.

ஒருவர் சொல்வதையும் உடனே கேட்க வேண்டாம் என்று பதில் எழுதினேன். எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது, எதன் மேல் ஒழுகுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியுமுன் எடுக்கும் எந்தத் தீர்மானமும் குருட்டுத் தீர்மானமே.

எங்கிருந்து ஒழுகுகிறது?

முதலாவது, சொட்டுவது இஞ்சின் எண்ணெய்தானா என்று அறிய வேண்டும். இரவில் காரின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் இஞ்சின் எண்ணெய். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல் இருந்தால் அது ரேடியேட்டரின் கூலன்ட் ஆக இருக்கலாம். ஏ.சி. போட்டு ஓட்டியபின் சொட்டும் தெளிந்த தண்ணீரைக் குறித்துக் கவலை வேண்டாம். ஆனால் சக்கரத்தின் அருகே வெளிறிய நிறத்தில் வழுவழுப்பான திரவம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்நிலையில் காரை நகர்த்தாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

இரண்டாவது, சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. மேலே கசியும் எண்ணெய் இஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து இறங்கும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே மேலேயுள்ள கசிவு பின்புறக் கசிவு போலத் தோற்றமளிப்பது வெகு சாதாரணம். இஞ்சினை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின், மேலிருந்து கீழ் நோக்கிப் பார்த்து வர வேண்டும். ஈரம் காணப்படும் மிக உயர்ந்த இடமே பெரும்பாலும் கசிவின் ஊற்று. ஆயில் ஃபில்டரையும், எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டையும் கவனியுங்கள். அண்மையில் எண்ணெய் மாற்றியபின் கசிவு தொடங்கியிருந்தால் குற்றம் அங்கேதான் இருக்கக்கூடும். ஒரு சிறு வாஷரில் முடிந்துவிடும் வேலை அது.

பழைய கார்களில் ஏன் இது நேர்கிறது? ரப்பர் சீல்களும் கேஸ்கட்களும் பல ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்து இறுகிப்போகின்றன. இறுகிய ரப்பர் இடைவெளியை மூடாது. இஞ்சினுக்குள் உண்டாகும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் உள்ளே அழுத்தம் பெருகி, பலவீனமான சீல்களின் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். பெரிய வேலைக்குச் சம்மதிக்குமுன் அந்தச் சிறு வால்வைச் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அதை மாற்றாமல் புதிய சீல் போட்டால், புதியதும் ஒழுகத் தொடங்கலாம்.

எவ்வளவு ஒழுகுகிறது?

தரையிலுள்ள கறையைக் கொண்டு அளவைக் கணிக்க முடியாது. கொஞ்சம் எண்ணெயும் பெரிய கறையாகப் பரவிவிடும். மறுபுறம், ஓடும்போது மட்டும் ஒழுகும் எண்ணெய் தரையில் தெரியவே தெரியாது. டிப்ஸ்டிக் மட்டுமே உண்மை பேசும். காரைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் இட்டு எடுத்துப் பாருங்கள். மேல் குறி வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து மீண்டும் பாருங்கள். பல கார்களில் இரு குறிகளுக்கும் இடையேயுள்ள அளவு ஏறக்குறைய 1 லிட்டர். உங்கள் காரின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. சுழலும் கிராங்க் அந்த எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்துவிடும்.

சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் உள்ளே எரிந்தும் குறைகிறது என்று பொருள். அப்படியானால் வெளிக் கசிவை மட்டும் அடைப்பதால் எண்ணெய் குறைவது நிற்காது.

சிவப்பு எண்ணெய் விளக்கு எரியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் இருக்கிறார்கள். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அதன் அழுத்தம் விழுந்துவிட்டதையே காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால், இஞ்சினின் உட்பாகங்கள் எண்ணெயின்றி உராயத் தொடங்கியிருக்கலாம். உடனே ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமானால் வாரந்தோறும் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதே வழி. பொதுவாக, ஒரு சிறு கசிவு இஞ்சினைக் கொல்வதில்லை. எண்ணெய் குறைந்ததைக் கவனியாமல் விடும் நம் அசட்டையே இஞ்சினைக் கொல்கிறது.

எதன் மேல் ஒழுகுகிறது?

அளவு சிறிதாயினும் சில கசிவுகளைப் பொறுக்கலாகாது. சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் சொட்டும் எண்ணெய் கருகிய நாற்றத்தையும் புகையையும் உண்டாக்கும், தீப்பிடிக்கவும் ஏதுவாகும். இஞ்சினின் முன்புற சீலிலிருந்து டைமிங் பெல்ட்டின் மேல் படும் எண்ணெய் அந்தப் பெல்ட்டைக் கெடுக்கும். ஓடும்போது அது அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பின்புற சீலிலிருந்து கிளட்ச் தட்டில் படும் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யும். இம்மூன்றில் ஒன்று நேர்ந்தாலும் பழுது பார்த்தே ஆக வேண்டும். பணம் இல்லையெனில், பணம் சேரும்வரை காரை நிறுத்திவைப்பதே ஞானம்.

கடைகளில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்துகளைக் குறித்தும் பலர் கேட்கிறார்கள். இறுகிப்போன ரப்பர் சீலைச் சற்று இளகச் செய்து, சிறு கசிவைச் சில காலம் அவை குறைக்கக்கூடும். கிழிந்த சீலையோ, தளர்ந்த போல்ட்டையோ அவை சரிசெய்ய மாட்டா. வெளியே சிலிக்கான் பசையைப் பூசுவதும் நிலைக்காது. உட்புறம் பிதுங்கிய பசை உடைந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்த சம்பவங்களும் உண்டு.

அந்தச் சகோதரர் கண்டது என்ன?

அவர் பொறுமையோடு அளந்து பார்த்தார். 500 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கும் இடையே கால் பங்கு குறைந்திருந்தது. அதாவது 1,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர். மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கும் மேல். போய் வந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் குறைந்துபோகும். அவருடைய இஞ்சினில் இருப்பதோ ஏறக்குறைய மூன்று லிட்டர். வழியில் பார்க்காமல் ஓட்டியிருந்தால், பிள்ளைகளையும் தாயாரையும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையின் நடுவே நிற்க நேர்ந்திருக்கும்.

இஞ்சினைச் சுத்தம் செய்து பார்த்தபோது, பெரும் பகுதி எண்ணெய் மேலேயுள்ள டாப்பெட் கவர் கேஸ்கட்டிலிருந்தே வழிந்தது தெரியவந்தது. அது எக்ஸாஸ்ட் குழாயின் பக்கமாக இறங்கியதால், நாட்டுக்கு நாள் வந்துகொண்டிருந்த கருகல் வாடைக்கும் காரணம் விளங்கிற்று. கேஸ்கட்டும் பி.சி.வி. வால்வும் மாற்ற, கூலியோடு 1,200 ரூபாய் ஆயிற்று. பின்புற சீலிலும் ஈரம் இருந்தது உண்மையே. முதல் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, ஆனால் பெரிய ஊற்றைப் பாராமல் சிறியதைப் பார்த்திருந்தார். மேல் கேஸ்கட் மாற்றியபின் மறுபடியும் அளந்தபோது, 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி லிட்டர் அளவே குறைந்தது.

இப்போது அந்தப் பின்புற சீலுக்கு 9,000 ரூபாய் செலவிடலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினாலும் குறையும் எண்ணெய் 1 லிட்டர். அதன் விலை 500 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், சீலுக்கான செலவை எண்ணெய் மிச்சத்தில் ஈடுகட்டப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும். சீலின் விலை சில நூறு ரூபாய்தான். மீதி முழுவதும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கே பொருந்தும். ஆனால் கிளட்ச் தேய்ந்து மாற்றும் காலம் வரும்போது எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அந்தக் கூலியிலேயே சீலையும் மாற்றிவிடலாம். அதுவரை வாரந்தோறும் அளந்து, குறைந்ததை ஊற்றி ஓட்டுவது என்று குடும்பமாகத் தீர்மானித்தார்கள். கசிவு அதிகரித்தாலோ கிளட்ச் வழுக்கினாலோ தாமதமின்றி மாற்றுவது என்றும் நோட்டில் எழுதி வைத்தார்கள்.

வண்டியின் வயதும் கணக்கில் சேரும்

பழுதுச் செலவைக் காரின் விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். இன்னும் எத்தனை மாதங்கள் ஓட்டப்போகிறீர்கள் என்பதைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். 9,000 ரூபாய் செலவிட்டு மூன்று ஆண்டுகள் ஓட்டினால் மாதத்திற்கு 250 ரூபாய். ஆறே மாதத்தில் கைவிடப்போகிறீர்கள் என்றால் மாதத்திற்கு 1,500 ரூபாய்.

பதிவின் காலம் முடிவதையும் நினைவில் வையுங்கள். 15 ஆண்டுகளைக் கடந்த கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டெல்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் வாசகர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தன. 2025-இலும் இதைக் குறித்துப் புதிய உத்தரவுகள் பிறந்தன. உங்கள் வண்டியை ஓட்ட அனுமதி உண்டா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பின்னரே பெரிய செலவில் இறங்குங்கள்.

அயலாரையும் எண்ணுங்கள்

கசிவைப் பொறுத்துக்கொள்ளத் தீர்மானித்தாலும், அதைப் பிறர் பொறுத்துக்கொள்ளும்படி விடலாகாது. குடியிருப்பின் பொது வாகன நிறுத்தத்தில் சொட்டிய எண்ணெயின் மேல் மழை பெய்தால், இருசக்கர வாகனத்தில் வருகிறவர் வழுக்கி விழக்கூடும். அடியில் மணலோ மரத்தூளோ இட்ட ஒரு தட்டை வையுங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்ஷாப்பிலேயே ஒப்படையுங்கள். காரை விற்கத் தீர்மானித்தால், இஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கசிவை மறைக்காதீர்கள். உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வருகிறவர்தானே!

மே மாதத்தில் அந்தச் சகோதரர் குடும்பத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார். புறப்படுமுன் மேல் குறி வரை நிரப்பி, ஒரு லிட்டர் எண்ணெயையும் டிக்கியில் வைத்துக்கொண்டாராம். பெட்ரோல் போட நிறுத்திய இடங்களிலெல்லாம் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும் பொறுப்பைத் தம் மூத்த மகனிடம் ஒப்படைத்தாராம். திரும்பி வந்தபோதும் அந்த லிட்டரில் பாதிக்கு மேல் மீதியிருந்தது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் தவணை கேட்காமல் செலுத்தப்பட்டது.

அடுத்த இதழில் சந்திப்போம்.