புகையிலைச் சட்டமும் நம் மன்றமும்

சென்ற திங்கள் நடைபெற்ற நம் சங்கத்து இசை விழாவின் இடைவேளையில், மண்டபத்து மாடிப்படியில் நின்று பெரியவர் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். அருகே குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தனர். அப்பெரியவர் நம் கட்டட நிதிக்கு வாரி வழங்கியவர். ஆதலால் செயற்குழுவினர் எவரும் அவரிடம் ஒன்றும் கூறவில்லை. நாமும் கூறவில்லை. போதாக்குறைக்கு, யாரோ ஒருவர் ஓடிச் சென்று சாம்பல் கிண்ணம் ஒன்றைக் கொணர்ந்து அவர் பக்கத்தில் வைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காட்சி நம் மனத்தை உறுத்தியது. அங்கு மீறப்பட்டது அவை மரியாதை மட்டும் அன்று. நாட்டின் சட்டமும் ஆகும்.

அச்சட்டம் ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய முதற்சட்டம், சிகரெட்டுப் பெட்டியின்மேல் ஓர் எச்சரிக்கை வரி அச்சிட வேண்டும் என்று விதித்தது. ஆனால் ஏழை பிடிக்கும் பீடியையும், வாயில் அடக்கும் புகையிலையையும் அது தொடவே இல்லை. எழுத்தறியாதவருக்கு அந்த வரியால் பயன் ஏது? 1999இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. பம்பாய் நகரின் முன்னாள் மேயர் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. புகைபிடியாதவன் பிறர் விடும் புகையால் ஏன் நோயுற வேண்டும் என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி.

அதன்பின் 2003இல் வந்ததே இன்றுள்ள சட்டம். சிகரெட்டு, பீடி, சுருட்டு, ஹூக்கா, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை, குட்கா, புகையிலை கலந்த பற்பொடி ஆகிய அனைத்தையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்றலாகாது. கல்விக் கூடத்திலிருந்து நூறு கெஜத் தொலைவுக்குள் விற்றலாகாது. விளம்பரம் செய்தலாகாது என்றெல்லாம் விதித்தது. 2009 முதல் படத்துடன் கூடிய எச்சரிக்கை வந்தது. 2016 முதல் அப்படம் பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தைப் பிடித்தது. எழுத்தறியாதவரும் இப்போது கண்டு அஞ்சலாம்.

சட்டத்தால் பயன் விளைந்ததா என்று கேட்போர் உண்டு. 2009–10இல் எடுத்த நாடு தழுவிய கணக்கின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 34.6 பேர் புகையிலை பயன்படுத்தினர். 2016–17இல் அது 28.6 ஆகக் குறைந்தது. குறைவு மகிழ்ச்சிக்குரியதே, எனினும் எஞ்சியோர் தொகை ஏறத்தாழ 27 கோடி. அவர்களுள் புகைப்போரைக் காட்டிலும் மெல்லுவோரே மிகுதி.

இங்கு நம்மவர் நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் இருந்தவரை, எதிரே மாமனோ சித்தப்பாவோ வரக் கண்டால் இளைஞன் கைப்பீடியைப் பின்னே மறைப்பான். அந்த வெட்கமே அவனுக்கு ஒரு வேலி. முதல் வேலையை நாடி இப்பெருநகருக்கு வந்து, நால்வரோடு ஓர் அறையில் தங்குபவனுக்கு அவ்வேலி ஏது? தேநீர்க் கடையே அவனுக்குத் திண்ணை. அங்கு நீளும் முதற் சிகரெட்டே நட்பின் அடையாளம். அவனுக்கு இங்கே மாமனும் சித்தப்பாவும் நாமே அல்லவா? நாமே படிக்கட்டில் சாம்பல் கிண்ணம் வைத்தால் அவன் யாரைக் கண்டு வெட்குவான்?

நெல்லைச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களின் கதி என்னாவது என்று அன்பர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அப்பெண்கள் இலையை நறுக்கிச் சுற்றும்போதே தூளை மூச்சில் ஏற்பவர்கள். புகையிலையின் தீங்கை முதலில் சுமப்பவர்களும் அவர்களே. 2004இல் நம் நாடு ஏற்புறுதி அளித்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, இத்தகையோர்க்கு மாற்றுத் தொழில் காண உதவ வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்றுமாறு அரசை வற்புறுத்துவதே அவர்களுக்கு நாம் செய்யும் தொண்டு. தொடர்ந்து புகைத்தல் தொண்டாகாது.

இனி நம் மன்றத்தின் கடமைக்கு வருவோம். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, பொது மண்டபத்தின் வாயிலில் ‘இங்குப் புகைபிடித்தல் குற்றம்’ என்ற பலகை இருத்தல் வேண்டும். சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ அங்கு வழங்குதல் கூடாது. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. பொறுப்பாளர் கண்டும் காணாதிருப்பின் அவரும் அதற்கு உள்ளாவார். ஆகவே அன்று குற்றம் புரிந்தவர் அப்பெரியவர் ஒருவர் மட்டும் அல்லர். வாய் மூடி நின்ற நாமும் அதில் பங்காளிகளே.

அடுத்த விழாவுக்குள் அப்பலகையை மாட்டிவிட வேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறோம். விழாத் தாம்பூலத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் மட்டும் இருக்கட்டும், புகையிலை வேண்டா. விட விரும்பியும் இயலாது தவிக்கும் அன்பர்கள் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அரசின் ஆலோசனையைப் பெறலாம். அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

சட்டம் மண்டபத்து வாயிலோடு நின்றுவிடும். நம் வீட்டுக் கூடத்துக்குள் அது நுழையாது. அங்கே மூடிய சன்னலுக்குள் தந்தை விடும் புகையைக் குழந்தை உள்ளிழுப்பதைத் தடுக்க எந்தக் காவலரும் வாரார். அவ்வீட்டுக்குச் சட்டம் இயற்ற வேண்டியவர் அவ்வீட்டாரே.

நாம் அப்பெரியவரை நேரிற்கண்டு பணிவுடன் இதைக் கூறுவதென முடிவு செய்துள்ளோம். வழங்கும் உள்ளம் படைத்தவர் அவர். குழந்தைகளின் பொருட்டு இதனையும் வழங்குவார் என்பதே நம் நம்பிக்கை.