எட்டாம் மாதமும் ஏமாற்று ஜோசியமும்

நமது நாட்டில் ஒரு பெண் கர்ப்பந்தரித்து ஏழு மாதம் ஆய்விட்டால், அவ்வீட்டிற்கு வைத்தியர் வருகிறாரோ இல்லையோ, புரோகிதரும் ஜோசியரும் தவறாமல் வந்து சேர்ந்து விடுகிறார்கள். ஒருவர் சீமந்தத்திற்கு நாள் வைக்கிறார். மற்றவர் பிறக்கப்போகும் பிள்ளைக்கு நேரம் வைக்கிறார். அப்பெண்ணின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று இவ்விருவருக்கும் தெரியுமா என்று யாராவது கேட்டால், கேட்டவனுக்கு நாஸ்திகன் என்ற பட்டம் கிடைக்கிறது. அந்தப் பட்டம் நமக்குப் பழகிப்போனதாகையால், நாம் கேட்கத்தான் போகிறோம்.

முதலாவது, "ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது" என்கிறார்கள். பாட்டிமார் மாத்திரமல்ல, பட்டம் பெற்றவர்களும் இதைச் சொல்லுகிறார்கள். இது நமக்கு மாத்திரம் சொந்தமான மடமை என்று யாரும் பெருமை கொள்ள வேண்டியதில்லை. 2000 ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க வைத்திய ஏடுகளிலும் இது இருக்கிறது. வைத்திய சாஸ்திரம் அதை என்றோ உதறித் தள்ளிவிட்டது. நாம்தான் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றி வருகிறோம்.

உண்மை என்ன? 28ஆவது வாரத்தில் சிசுவின் எடை சுமார் 1 கிலோ. 32ஆவது வாரத்தில் அது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ. மூச்சுப்பையிலுள்ள நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருப்பதற்கு ஒருவித வழவழப்பான பொருள் வேண்டும். அது போதுமான அளவுக்குச் சேர்வது 34, 35ஆவது வாரத்தை ஒட்டித்தான். ஆகவே ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடுகிறதே தவிர, எட்டாம் மாதத்தில் திடீரென்று குறைவதில்லை. கால்மணி நேரம் வெந்த அரிசி சோறாகும், அரைமணி நேரம் வெந்தது ஆகாது என்று ஒருவன் சொன்னால் அவனை என்னவென்போம்? எட்டாம் மாதத்தில் வலி கண்டவளை, "இது தங்காது" என்று விதியின்மேல் பழிபோட்டு வீட்டில் கிடத்தி வைப்பது கொலைக்குச் சமானமல்லவா என்று கேட்கிறோம்.

நிற்க. தாயின் நிலையைக் கவனிப்போம். இக்காலத்தில் அவள் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. வளர்ந்த கருப்பை மேல்நோக்கி அமுக்குவதால் மூச்சு வாங்குகிறது. மாலையில் கால் வீங்குகிறது. மல்லாந்து படுத்தால் முதுகையொட்டிய பெரிய இரத்தக்குழாய் நசுங்கி மயக்கம் வருகிறது. ஒருக்களித்துப் படுத்தால் தீர்ந்து விடுகிறது. பொய்வலியும் வந்து வந்து போகிறது. இவையெல்லாம் இயற்கை. ஆனால் தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், இரத்த அழுத்தம் 140/90க்கு ஏறுதல் ஆகியவை இயற்கையல்ல, நோய். கவனியாமல் விட்டால் வலிப்புக் கண்டு தாயும் பிள்ளையும் சாக நேரிடும். நம் வீட்டார் என்ன செய்கிறார்கள்? கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். மிளகாய் வெடித்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடுமா? இரத்தம் போனாலும், பனிக்குடம் உடைந்தாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரியே ஒழிய ஆலயமல்ல.

இனி ஜோசியரின் புதிய வியாபாரத்தைப் பார்ப்போம். முன்னெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு நேரத்தைக் கேட்டு ஜாதகம் எழுதினார். இப்போதோ ஜாதகத்தை முதலில் எழுதிவிட்டு, அந்த நேரத்திற்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கச் சொல்லுகிறார்! 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 அறுவைப் பிரசவங்கள். உயிர்காக்கச் செய்யும் அறுவையை நாம் குறைகூறவில்லை. அது மனித அறிவின் வெற்றி. நட்சத்திரத்திற்காகச் செய்யும் அறுவையைத்தான் கண்டிக்கிறோம். தக்க காரணமின்றி 39 வாரம் நிறையுமுன் அறுவை செய்யலாகாது என்பது வைத்தியர் விதி. 35ஆவது வாரத்தில் சிசுவின் மூளை, நிறைமாத மூளையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருக்கிறது. தோலுக்கடியில் கொழுப்புச் சேர்வதும், தாயின் நோயெதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் பெரும்பாலும் போய்ச்சேர்வதும் கடைசி வாரங்களில்தான். காலத்திற்கு முன் எடுத்த பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது ராஜயோகம் வந்து காற்று ஊதுமா?

மேலும் ஒன்று கேட்கிறோம். பிறந்த நேரமே தலையெழுத்தை நிர்ணயிக்கிறதென்றால், அந்த நேரத்தை நிர்ணயிப்பது வைத்தியர் கையிலுள்ள கத்தியாயிற்றே! அப்படியானால் பிரம்மாவுக்கு என்ன வேலை? ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நிமிஷத்தில் மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் தெருக்கூட்டுகிறவர் பிள்ளையும் பிறந்தால், இருவருக்கும் ஒரே யோகம் வருகிறதா?

தோழர்களே! அதே கணக்கில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேர் இரத்தசோகையுள்ளவர்கள் என்று கண்டிருக்கிறது. இவர்களுக்குக் குறைவாயிருப்பது கிரக பலமா, சோறும் கீரையும் முட்டையுமா? எல்லோரும் தின்றபிறகு மிஞ்சியதைத் தின்னும்படி அவளை வைத்துவிட்டு, அவள் கைநிறைய வளையல் அடுக்கி மரியாதை செய்வதாகச் சொல்லுவது யாரை ஏமாற்ற? பிள்ளை பெருத்துவிடும் என்று அவள் உணவைக் குறைப்பதும் இதே அறியாமைதான்.

ஆதலால் சீமந்தப் பணத்தைப் பாலுக்கும் பருப்புக்கும் செலவிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை அவள் தவறாமல் விழுங்கப் பாருங்கள். ஜோசியர் வீட்டிற்கு நடக்கும் காலை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் திருப்புங்கள். எந்த நேரத்தில் பிறந்தால் பிள்ளைக்கு நல்லது என்று யாரேனும் கேட்டால், அது வளர்ந்து முடிந்த நேரமே நல்ல நேரம் என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். உடல் பெண்ணுடையது, உயிர் இருவருடையது. இதில் மூன்றாமவரான ஜோசியருக்குப் பங்கு ஏது?