வார்டுக்குள் வர வேண்டிய நூலகம்: செவிலியக் கல்வி குறித்து எங்கள் நிலைப்பாடு

நூலகத்தைப் பயன்படுத்துவதும் மருத்துவத் தரவுத்தளங்களில் தேடுவதும் ஊசி போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது போன்ற அடிப்படைத் திறன்களின் வரிசையில் வைத்துக் கற்றுத்தரப்பட வேண்டும் என்பது செவிலிய ஆசிரியர்களும் மருத்துவ நூலகர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. முதலாண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும். வார்டு போஸ்டிங்கோடு சேர்த்து நடத்த வேண்டும். ஆசிரியரும் நூலகரும் ஒன்றாக நின்று கற்பிக்க வேண்டும். படித்து முடித்து வேலைக்குப் போகும் இளம் செவிலியர் ஒரு சந்தேகம் வந்தால் எங்கே, எப்படித் தேடுவது என்று தெரியாமல் நிற்கிறார் என்றால், அந்தக் குறை அவருடையதாகாது. நான்கு ஆண்டுகள் அவரைப் படிக்கவைத்த நாம்தான் அதற்குப் பொறுப்பு.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியது. இரண்டாம் செமஸ்டரில் சுகாதாரத் தகவலியல் என்று ஒரு பாடம் வருகிறது. ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஏழாம் செமஸ்டரில் வருகின்றன. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் நடுவில் இருக்கும் காலத்தில்தான் மாணவர் அறுவைசிகிச்சை வார்டு, குழந்தைகள் வார்டு, மனநலப் பிரிவு என்று சுற்றிவருகிறார். கேள்விகள் பிறப்பது அங்கே. அப்போது தேடக் கற்றுத்தராமல், கடைசி ஆண்டில் புராஜெக்டுக்காக மட்டும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறக்கச் சொன்னால், அது புராஜெக்ட் நோட்டை நிரப்புவதற்கான ஒரு சடங்காகத்தான் அவர் மனதில் பதியும். முந்தைய ஆண்டு மாணவர்களின் புராஜெக்டிலிருந்து ஆய்வு முன்னோட்டப் பகுதியை அப்படியே எடுத்தெழுதும் பழக்கத்தைப் பலரும் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார்கள். அதைவிட, வேறு வழி எதையும் நாம் காட்டவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று கருதுகிறோம்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் கையில் மருந்தேற்றப் போட்ட வென்ஃப்ளான் குழாயை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை என்று வார்டுக்கு வார்டு வழக்கம் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகளில் அதே கேள்வியை ஆராய்ந்த ஒன்று 2010இல் முதலில் வெளியாகி, பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2019 பதிப்பு ஒன்பது ஆய்வுகளில் இருந்த 7,412 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தது. கணக்காக நாள் வைத்து மாற்றியவர்களுக்கும், வீக்கமோ வலியோ அடைப்போ தெரிந்தபோது மாற்றியவர்களுக்கும் இடையே ரத்தத்தொற்றிலும் சிரை அழற்சியிலும் தெளிவான வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. இத்தோடு நிறுத்திய மாணவர் ‘நாள் கணக்கு தேவையில்லை’ என்று எழுதிவிடுவார். இன்னும் கொஞ்சம் தேடியவர் 2021இல் வந்த ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளின் ஆய்வைக் கண்டிருப்பார். அங்கே நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வென்ஃப்ளான்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். 96 மணி நேரக் கணக்கைக் கைவிட்ட காலத்தில் ரத்தத்தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் மாணவர்தான் சரியான கேள்விக்கு வந்துசேருகிறார்: நம் வார்டில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசி ஏறிய இடத்தை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா? பார்ப்பதற்கு ஆள் இருக்கிறதா? ஒரு செவிலியர் நாற்பது படுக்கைகளைக் கவனிக்கும் இடத்தில் ‘அறிகுறி தெரிந்தால் மாற்றலாம்’ என்ற விதி என்ன ஆகும்? பாடப்புத்தகத்தின் ஒரு வரி இந்த யோசனைக்குக் கொண்டுபோகாது. அச்சாகும்போது சரியாக இருந்த வரியும் பரீட்சைக்குள் பழசாகிவிடலாம்.

இந்த இரண்டையும் கண்டெடுப்பதற்குத் திறமை வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வென்ஃப்ளான் என்பது நம் வார்டில் புழங்கும் ஒரு வணிகப் பெயர். ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகள் வேறு சொற்களில் இருக்கும்: ஒருவர் கேனுலா என்பார், இன்னொருவர் கதீட்டர் என்பார். கதீட்டர் என்று மட்டும் தட்டினால் சிறுநீர்க் குழாயும் இதயத்துக்குள் செலுத்தும் குழாயும் டயாலிசிஸ் குழாயும் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது, வெவ்வேறு கருத்துகளை ‘அண்ட்’ போட்டு இணைப்பது, பிறகு வயது, ஆண்டு, ஆய்வின் வகை என்று சல்லடையில் சலிப்பது — இதுதான் தேடலின் அரிச்சுவடி. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் மெஷ் என்ற தலைப்புச்சொல் தொகுதி, ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் ஒரே பொருளைப் பேசும் கட்டுரைகளை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் புதிதாக வந்த கட்டுரைக்கு அந்தத் தலைப்பு இன்னும் ஏறாமல் இருக்கலாம். எனவே தலைப்பாலும் தேட வேண்டும், சாதாரணச் சொல்லாலும் தேட வேண்டும். இந்த நுணுக்கம் நூலகருக்குக் கைவந்தது. நோயாளியைப் பற்றிய கேள்வியைச் சரியாக உருவாக்குவது ஆசிரியருக்குக் கைவந்தது. அதனால்தான் இருவரும் சேர்ந்து வகுப்பெடுக்க வேண்டும் என்கிறோம்.

நூலகத்தால் நோயாளிக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. வட அமெரிக்காவில் 118 மருத்துவமனைகளில், 16,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் எடுத்த கணக்கெடுப்பு 2013இல் வெளியானது. நூலகத்தின் வழியாகக் கிடைத்த தகவலால் நோயாளியைக் கவனித்த விதம் மாறியது என்று ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். இது அவர்களே சொன்னது. வெளியிலிருந்து யாரும் அளந்து பார்த்ததல்ல. அந்த எல்லையை மறைக்காமல்தான் இதை முன்வைக்கிறோம். இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்கச் செவிலியர்களிடம் எடுத்து 2005இல் வெளியான கணக்கெடுப்பில், ஒரு தகவல் தேவைப்பட்டால் பெரும்பாலோர் பக்கத்தில் இருக்கும் சக செவிலியரைத்தான் கேட்டார்கள். நூலகரிடம் போனவர்கள் மிகக் குறைவு. அனுபவசாலியான அக்காவிடம் கேட்பதில் தவறில்லை. அவருக்குத் தெரிந்தது எந்த ஆண்டில் கற்றது என்பதைச் சரிபார்க்கும் வழி இளையவரிடம் இருக்க வேண்டும், அவ்வளவே.

நேரம் எங்கே இருக்கிறது என்பது எங்கள் காதில் அதிகம் விழும் மறுப்பு. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, இரவில் கேஸ் ஸ்டடியும் ரெக்கார்டும். இது நியாயமான முறையீடு. ஆகவே புதிதாக ஒரு பாடத்தைச் சுமத்தச் சொல்லவில்லை. ஏற்கெனவே எழுதவைக்கும் கேர் பிளானில் ஒரு செயலுக்காவது காரணம் என்ற கட்டத்தில் பாடப்புத்தகப் பக்க எண்ணுக்குப் பதிலாக, மாணவர் தானே தேடிப் படித்த ஒரு கட்டுரையும், தேடிய சொற்களும், தேடிய தேதியும் இருக்கட்டும் என்கிறோம். பத்து கேர் பிளானை அரைகுறையாக எழுதுவதைவிட ஆறை இப்படி எழுதுவது மேல். பக்கங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் துணிவு பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் வர வேண்டும்.

தெரிந்து என்ன பயன், வார்டில் முடிவெடுப்பது மருத்துவர்தானே என்பது அடுத்தது. மருந்து எழுதுவதில் அது உண்மை. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை எப்போது எந்தப் பக்கம் திருப்புவது, சிவந்துபோன எலும்பு மேட்டைத் தேய்க்கலாமா கூடாதா, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு எப்போது சேர்ப்பது, வாயை எதைக்கொண்டு சுத்தம் செய்வது என்பதெல்லாம் நாள்தோறும் செவிலியர் கையில் நடப்பவை. அழுத்தம் பட்டுச் சிவந்த தோலை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்லும்போது, பழைய பழக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தவறுக்கு எந்த மருத்துவரின் கையெழுத்தும் காரணமில்லை. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் செவிலியரின் சொல்லுக்குத் தலைமைச் செவிலியரிடமும் மருத்துவரிடமும் எடை கூடுவதையும் மறுக்க முடியாது.

கூகுளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். கூகுள் முதல் பக்கத்தில் மருந்து விற்பவரின் விளம்பரமும் நல்ல ஆய்வும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்; பிரித்தறியத் தேர்ந்த கண் வேண்டும். உரையாடும் செயலிகளோ, இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியர் பெயரையும் இதழின் பெயரையும் ஒட்டி, நம்பும்படி தந்துவிடுவது பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. அவற்றைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மாற்றுச் சொற்களைத் திரட்ட, கடினமான பத்தியைப் புரிந்துகொள்ள உதவட்டும். அவை காட்டும் ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட்டிலோ நூலகத்திலோ கண்ணால் பார்த்த பிறகே மாணவர் எழுத வேண்டும், பார்க்காததை எழுதினால் மதிப்பெண் இல்லை என்பதே எங்கள் நிலை.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்ற மறுப்பைத்தான் நாங்கள் மிகவும் மதிக்கிறோம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருபவர்களுக்கு ஓர் ஆய்வுச் சுருக்கமே மலையாகத் தெரியும். காக்ரேன் மதிப்பாய்வுகள் பலவற்றின் எளிய சுருக்கங்கள் தமிழிலும் கிடைக்கின்றன, வேலூர் சி.எம்.சி.யில் இயங்கிய காக்ரேனின் தெற்காசிய மையம் நம் மண்ணிலேயே இருந்தது. தமிழ்ச் சுருக்கத்தை முதலில் படித்து, பிறகு ஆங்கிலச் சுருக்கத்தைத் திறந்தால் பாதித் தயக்கம் போய்விடும். முதலாண்டு வகுப்புகளை இப்படியே தொடங்கலாம்.

திறமை இருந்தும் கதவு பூட்டியிருந்தால் பயனில்லை. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறக்கின்றன. ஆனால் அவை மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும்தான். தமிழ்நாட்டுச் செவிலியக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். அவற்றிலிருந்து வெளிவரும் பெண்களும் ஆண்களும் அதே அரசு மருத்துவமனைகளில், அதே ஏழை நோயாளிகளைத்தான் கவனிக்கப் போகிறார்கள். ஆகவே அங்கீகாரம் பெற்ற எல்லாச் செவிலியக் கல்லூரிகளுக்கும் இத்திட்டத்தை விரிவாக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, காசில்லை என்ற காரணத்தை முழுதாக ஏற்பதற்கில்லை: பப்மெட் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம், பப்மெட் சென்ட்ரலில் முழுக்கட்டுரைகள் 2000 முதல் கிடைக்கின்றன. செவிலியத் துறைக்கென்றே 1961இல் அச்சுப் பட்டியலாகத் தொடங்கி வளர்ந்த சினால் தரவுத்தளத்தின் சந்தா ஒரு சிறிய கல்லூரிக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. மாவட்டத்துக்குள் கல்லூரிகள் கூடி வாங்க டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முன்கையெடுக்கலாம்.

கல்லூரிகளுக்கு வரும் ஆய்வுக் குழுக்கள் இன்று அக்செஷன் ரெஜிஸ்டரைப் புரட்டி, அலமாரியில் புத்தகங்களை எண்ணிவிட்டுப் போகின்றன. அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் சேர வேண்டும்: கடந்த செமஸ்டரில் நூலகர் எத்தனை வகுப்பு எடுத்தார், வார்டிலிருந்து விடுதிக்குத் திரும்பும் மாணவர் இரவு எட்டு மணிக்கு நூலகத்தைப் பயன்படுத்த முடிகிறதா, குழு சுட்டும் ஏதாவது ஒரு மாணவர் ஒரு நோயாளிப் பிரச்சினைக்குக் குழுவின் முன்னிலையிலேயே தேடிக் காட்ட முடிகிறதா. இவற்றைச் சேர்க்கும்படி இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் மாநிலக் கவுன்சிலுக்கும் விண்ணப்பிக்கிறோம். தேர்வுசெய்த கல்லூரிகளில் இந்த முறையை நடத்திக் காட்டுவதற்கு வேண்டிய பயிற்சிக் குறிப்புகளையும் ஆட்களையும் எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றித் தருவார்கள்.